ப்ராசசர் மட்டும் மாத்துனா போதுமா? ரைசன் 5 1600 + ஆர்எக்ஸ் 6600, கையில காசு கம்மி

பிக்சல்பையன்:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. என்கிட்ட இருக்கறது ரைசன் 5 1600, பி350 மதர்போர்டு, 8+8ன்னு 16 ஜிபி டிடிஆர்4 ரேம். ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டு) மட்டும் போன வருஷம் மாத்துனது, ஆர்எக்ஸ் 6600. மானிட்டர் 1080பி 144 ஹெர்ட்ஸ். விளையாடுறது பெரும்பாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, அப்புறம் சைபர்பங்க் 2077, நேரம் கிடைச்சா சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்.

எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்) நம்பரைப் பாத்தா அவ்ளோ மோசமா இல்ல, ஆனா கைக்கு நல்லாவே தெரியுது. ரெண்டு பக்கமும் ஸ்மோக் போட்டு எல்லாரும் ஒரே எடத்துல வந்து நின்னா அப்படியே இழுக்குது, சைபர்பங்க்ல கூட்டம் இருக்கற தெருவுல கார்ல போனா திக்கித் திக்கிப் போகுது. அந்த நேரத்துல ஜிபியூ யூசேஜ் 60, 65லயே நிக்குது, ப்ராசசர் யூசேஜ் பாத்தா அதுவும் பாதிதான் காட்டுது, அப்போ யாருதான் வேலை பாக்கல?

புது போர்டு புது ரேம்னு மொத்தமா வாங்க இப்ப வழியே இல்ல. ஒரே ஒரு பார்ட்டுக்குத்தான் காசு இருக்கு, அது தப்பான பார்ட்டா போயிடக்கூடாதுன்னுதான் இங்க கேக்குறேன்.

சாக்கெட்சித்தன்:
பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) வெர்ஷன் என்ன, ரேம் எந்த ஸ்பீடுல ஓடுது, கூலர் எது, விண்டோஸ் எது. இந்த நாலையும் சொல்லுங்க தம்பி, அப்புறம் பேசலாம்.

ஃப்ரேம்டைம்:
ப்ராசசர் யூசேஜ் பாதின்னு காட்டுறதை நம்பவே நம்பாதீங்க ப்ரோ. 1600ல 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை) இருக்கு. கேமோட மெயின் த்ரெட் ஒண்ணு முழுசா மூச்சுத் திணறிட்டு இருந்தாலும் டாஸ்க் மேனேஜர் அதை 12ல ஒரு பங்காத்தான் கணக்குப் போடும், அதாவது 8 பர்சென்ட் சொச்சம். மத்த கோர் எல்லாம் சும்மா உக்காந்திருக்கும், மொத்தத்துல 50ன்னு காட்டும், நீங்க ப்ராசசர் ஃப்ரீயா இருக்குன்னு நினைப்பீங்க. ஜிபியூ யூசேஜ்தான் நேரா உண்மை சொல்லும். எஃப்பிஎஸ் லிமிட், விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோட கட்டிப் போடற செட்டிங்) ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஆடுங்க, அப்பவும் ஜிபியூ 97, 98 தொடாம கீழ நின்னா அதுக்கு வேலை குடுக்கற ஆள் லேட்டா வர்றான்னு அர்த்தம்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. எங்க இழுக்குதோ அதே எடத்துல போய் நில்லுங்க, ரெசல்யூஷனை 1080பில இருந்து 720பிக்கு எறக்குங்க, வேற எந்த செட்டிங்கையும் தொடாதீங்க. எஃப்பிஎஸ் ஏறுச்சுன்னா ஜிபியூதான் தடை. ஏறவே இல்ல, அதே நம்பர்ல நிக்குதுன்னா ப்ராசசர், இல்லன்னா ரேம். ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமும் வர எடுக்கற நேரம்) கிராஃபையும் ஆன் பண்ணி வச்சுக்கங்க, ஆவரேஜை விட அந்தக் கோடு எப்படி ஓடுதுங்கறதுதான் முக்கியம். கோடு தட்டையா இருந்தா 70 எஃப்பிஎஸ்கூட வழுக்கிட்டுப் போகும், கோடு ஊசி ஊசியா குத்துச்சுன்னா 120 இருந்தாலும் கண்ணு உறுத்தும்.

பிக்சல்பையன்:
டெஸ்ட் பண்ணிட்டேன். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல 720பி போட்டாலும் ஒரு மாற்றமும் இல்ல, அதே நம்பர். சைபர்பங்க்ல ஊருக்கு வெளிய பாலைவனத்துப் பக்கம் போனா ஜிபியூ 98 தொடுது, கோடும் தட்டையா இருக்கு, ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஜிபியூ கீழ வந்துடுது, கோடு ஊசி ஊசியா ஆகிடுது. நீங்க சொன்னது அப்படியே தெரியுது.

சித்தன் அண்ணா கேட்டதுக்கு: பயாஸ் 2018ல வந்தது. கூலர் ப்ராசசர் கூட வந்த ரெய்த் ஸ்பையர். விண்டோஸ் 10. ரேம் டாஸ்க் மேனேஜர்ல 2133ன்னு காட்டுது, ஆனா ஸ்டிக்கர்ல 3200ன்னு போட்டிருக்கு.

ரேம்ராணி:
2133ஆ! தம்பி, நீங்க காசு குடுத்து வாங்குன ரேம்ல மூணுல ஒரு பங்கு வேகம் தூங்கிட்டு இருக்கு. எங்க டேபிளுக்கு வர்ற கேமிங் மெஷின்ல இதைத்தான் அடிக்கடி பாக்குறேன். ரேமை மாட்டுனா அது தானா 3200ல ஓடாது, பயாஸ்க்குள்ள போய் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆன் பண்ணணும். சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும், சிலதுல ஏ-எக்ஸ்எம்பின்னு இருக்கும், எல்லாம் ஒண்ணுதான்.

ரைசன்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா கோர் கூட்டத்துக்கு நடுவுல டேட்டா போற வழி, இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்னு சொல்வாங்களே, அது ரேம் ஸ்பீடோட சேந்துதான் ஓடும். 1600ல ஆறு கோர் மூணு மூணா ரெண்டு கூட்டமா பிரிஞ்சு இருக்கு, ஒரு கூட்டத்துல இருந்து இன்னொண்ணுக்குப் பேசணும்னா அந்த வழியாத்தான் போகணும். ரேம் மெதுவா இருந்தா அந்த வழியும் மெதுவாயிடும்.

ஆனா ஒண்ணு, முதல் தலைமுறை ரைசனோட மெமரி கன்ட்ரோலர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அஃபீஷியலா 2666 வரைக்கும்தான். 3200ல பூட் ஆகலன்னா பயப்படாதீங்க, 2933 போடுங்க, அதுவும் இல்லன்னா 2800. அப்புறம் ரெண்டு ஸ்டிக்கும் எந்த ஸ்லாட்ல இருக்குன்னு பாருங்க. நாலு ஸ்லாட் போர்டா இருந்தா ப்ராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்துல சொருகி இருந்தா சிங்கிள் சேனல்லதான் ஓடும், அது இன்னும் பெரிய நஷ்டம்.

பிக்சல்பையன்:
அக்கா, ஸ்லாட் சரியாத்தான் இருக்கு. 3200ல ரெண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகி திரும்ப பழைய ஸ்பீடுக்கே வந்துடுச்சு, 2933 போட்டதும் நின்னுடுச்சு. கேம்ல வித்தியாசம் தெரியுது, குறிப்பா அந்த ஊசி கொஞ்சம் குட்டையாயிருக்கு. ஆனா முழுசா போகல, ஸ்மோக் நேரத்துல இன்னும் இழுக்கத்தான் செய்யுது.

புதுசேநல்லது:
நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க போர்டுல இருக்கற ஏஎம்4 சாக்கெட்ல (ப்ராசசர் மாட்டற எடம்) இனி காசு போடறது எனக்குப் பிடிக்கல. 2016ல வந்த சாக்கெட், அதுக்கு மேல போக எடமே இல்ல. ஏஎம்5 2022லயே வந்தாச்சு, பின்னாடி வர்ற ப்ராசசரையும் அதே போர்டுல மாட்ட வாய்ப்பு இருக்கு. இப்ப ஒரு பழைய ப்ராசசர், ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப போர்டு, ரேம், ப்ராசசர்னு மொத்தமும் வாங்கணும். பொறுத்துக்கிட்டு சேத்து வச்சு ஒரே தடவையா ஏஎம்5 போங்க. பொறுமையா இருந்தா காசு மிச்சம்.

சாக்கெட்சித்தன்:
புதுசேநல்லது சொல்றதுல நியாயம் இருக்கு, போர்டும் ரேமும் செத்துப்போன ஆளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா இவர்கிட்ட போர்டு ஓடுது, ரேம் ஓடுது, ஜிபியூ நல்லா இருக்கு. ஏஎம்5ன்னா டிடிஆர்5 மட்டும்தான், பழைய ரேம் ஒண்ணுக்கும் ஆகாது. 2025 கடைசியில இருந்து ரேம் விலை எப்படி ஏறுச்சுன்னு எல்லாரும் பாத்தோம், அந்த நிலைமைல கையில இருக்கற 16 ஜிபி டிடிஆர்4ஐ தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரல. மூணு பார்ட் வாங்குற எடத்துல ஒரு பார்ட்ல முடியுதுன்னா அந்த வழிதான் இவருக்கு.

"மேல போக எடமில்ல"ன்னு சொன்னீங்க. இவர் நிக்கறதே அடிப்படியில, மேல இன்னும் மூணு படி இருக்கு. 1600 வந்தது 2017. அதுக்கப்புறம் ரைசனோட அடுத்தடுத்த தலைமுறை டிசைனான ஜென் ப்ளஸ், ஜென் 2, ஜென் 3 எல்லாம் இதே சாக்கெட்லதான் வந்துச்சு. முதல்ல பி350, எக்ஸ்370 போர்டுல எல்லாம் 5000 சீரிஸ் கிடையாதுன்னாங்க, 2022ல அதையும் தொறந்து விட்டாங்க. ஒரு போர்டுல முதல் ரைசனும் மாட்டலாம் கடைசி ரைசனும் மாட்டலாம்ங்கறது லேசுல கிடைக்கிற வசதி இல்ல, அதைப் பயன்படுத்தாம விடக்கூடாது.

ஜென் 3ல என்ன மாறுச்சுன்னா, ராணி சொன்ன அந்த ரெண்டு கூட்டம் போச்சு. 5600ல ஆறு கோரும் ஒரே கூட்டம், 32 எம்பி எல்3 கேச் (ப்ராசசருக்குள்ளயே இருக்கற வேகமான மெமரி) மொத்தமும் எந்தக் கோருக்கு வேணும்னாலும் கிடைக்கும். 1600ல மொத்தம் 16 எம்பிதான், அதுவும் 8, 8ன்னு பிரிச்சு வச்சது. ஜென் 2ல இருந்து ஜென் 3க்கே ஒரே கிளாக்ல 19 பர்சென்ட் கூடுதல் வேலைன்னு ஏஎம்டி 2020ல சொன்னாங்க, இவர் அதுக்கும் ரெண்டு படி கீழ இருந்து வர்றார். கேமுக்கு கோர் எண்ணிக்கையை விட இந்த கேச்சும் ஒத்தைக் கோர் வேகமும்தான் பேசும்.

இப்ப பேர்ல இருக்கற கண்ணிகளைப் பாத்துக்கங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 5600, 5600எக்ஸ் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, 4.4 கிகாஹெர்ட்ஸ், 4.6 கிகாஹெர்ட்ஸ்ங்கற வித்தியாசம்தான், எது மலிவோ அதை எடுங்க. 5600ஜி வேற ஆள், உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கும், ஆனா கேச் 16 எம்பிதான். 5500ங்கறதும் அந்த வகையறாதான், கிராஃபிக்ஸை மூடி விட்டது, 16 எம்பி. அதே மாதிரி 5700எக்ஸ்ல 32 எம்பி, பின்னாடி எக்ஸ் இல்லாத வெறும் 5700ல 16 எம்பி. ஒரு எழுத்துல பாதி கேச் போயிடும். கடைக்காரர் "அதேதான் சார், ஒண்ணும் வித்தியாசம் இல்ல"ன்னு சொன்னா பொட்டியில என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க.

கேச்காதலன்:
ஏன் யாருமே எக்ஸ்3டி (கேச்சை மேல அடுக்கிக் கூட்டுன ரைசன்) பத்திப் பேசல? ஏஎம்4ல கடைசி வரைக்கும் போறதுன்னா 5700எக்ஸ்3டி, இல்லன்னா 5800எக்ஸ்3டிதான். 96 எம்பி எல்3. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், ஃபாக்டோரியோ, ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரி சிமுலேஷன் கேம் எல்லாம் இந்த கேச்சைப் பாத்தா பறக்கும். நாளைக்கு பெரிய ஜிபியூ வாங்குனாலும் ப்ராசசரைத் தொடவே வேணாம். செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க தல, கொஞ்சம் கூட ஆனாலும் இதுதான் கடைசி ப்ராசசர்.

ஃப்ரேம்டைம்:
எக்ஸ்3டி அருமையான சிப், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இவரோட டெஸ்ட்டை திரும்பப் பாருங்க. பாலைவனத்துல ஜிபியூ 98 தொட்டுடுச்சு. அதாவது சைபர்பங்க்ல 5600 போட்டாலே ஊருக்குள்ளயும் பெரும்பாலும் ஆர்எக்ஸ் 6600தான் தடையா வந்து நிக்கும், அதுக்கு மேல எக்ஸ்3டி குடுக்கற வேகத்தை வாங்கிக்க அங்க ஆள் இல்ல. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல வித்தியாசம் வரும், வராதுன்னு சொல்லல, ஆனா 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மேல போற எஃப்பிஎஸ்க்காக காசைக் கொட்டணுமான்னு அவர்தான் யோசிக்கணும். அதுலயும் எக்ஸ்3டி கூட கூலர் வராது, 105 வாட் சிப், அந்தப் பழைய ஸ்பையர் போதாது, ஆக ஒரு பார்ட் ரெண்டு பார்ட்டாயிடும். பழைய பி350 போர்டோட பவர் செக்‌ஷன் எப்படின்னும் பாக்கணும், ஹீட்சிங்க்கே இல்லாத போர்டு நிறைய இருக்கு. 5600 வெறும் 65 வாட், அந்தத் தலைவலி கிடையாது.

நாள் பூரா ஃபாக்டோரியோவோ ஃப்ளைட் சிமுலேட்டரோ ஓட்டுற ஆளா இருந்தா நானே எக்ஸ்3டி வாங்குன்னு சண்டை போடுவேன்.

கேச்காதலன்:
கூலர் விஷயம் சரி, அதை நான் கணக்குல எடுக்கல. சிட்டீஸ் எவ்ளோ ஆடுவீங்க பிக்சல்? ஊர் எவ்ளோ பெருசு?

பிக்சல்பையன்:
அது எப்பவாவதுதான் ப்ரோ, லீவு நாள்ல. தினமும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்தான். அப்போ 5600 பக்கம்தான் போறேன்.

இன்னொரு கேள்வி. எனக்குக் கிடைக்கற எடத்துல 5500 புதுசா சீல் பிரிக்காம இருக்கு, 5600 செகண்ட் ஹேண்ட்ல இருக்கு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே காசு. பிசிஐஇ 4 (கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல டேட்டா போற வழி) வேற 5500ல கிடையாதாமே, ஆர்எக்ஸ் 6600க்கு அது அடி வாங்குமா?

சாக்கெட்சித்தன்:
பிசிஐஇ பத்திக் கவலையே படாதீங்க. உங்க பி350 போர்டே பிசிஐஇ 3தான், 5600 போட்டாலும் 3லதான் ஓடும். 6600க்கு அந்த வழியில எட்டு லேன்தான், ஆனா கார்டுலயே 8 ஜிபி இருக்கறதால பெரிய பாதிப்பு இல்ல. நாலே லேன் இருக்கற 6500எக்ஸ்டி மாதிரி கார்டு வச்சிருக்கறவங்கதான் அதுக்குப் பயப்படணும். உங்களுக்கு 5500க்கும் 5600க்கும் நடுவுல இருக்கற பெரிய வித்தியாசம் கேச்தான், அது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்ல நல்லாவே தெரியும். ஒரே காசுன்னா செகண்ட் ஹேண்ட் 5600தான் என் ஓட்டு.

ரேம்ராணி:
என் ஓட்டும் அதுக்குத்தான். ஒரு கம்ப்யூட்டர்ல செகண்ட் ஹேண்ட் வாங்க ரொம்பப் பயப்படத் தேவையில்லாத பார்ட்டுன்னா ப்ராசசர்தான், அது சும்மா சாகாது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஹார்ட் டிஸ்க் மட்டும் யார் குடுத்தாலும் செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்க.

ஆனா ஏஎம்4ல பின்னு ப்ராசசர்லயே இருக்கும், மொத்தம் 1331. சிப்பைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் புடிச்சு, லைட்டுக்கு நேரா வச்சு, பின் வரிசையை பக்கவாட்டுல பாருங்க. வரிசை எல்லாம் நேர்க்கோடா தெரியணும். எங்கயாவது ஒரு பின் வரிசையை விட்டு விலகி நின்னா வேணாம்னு சொல்லிடுங்க. மேல இருக்கற எழுத்து சொரண்டுன மாதிரி இல்ல மங்கலா இருந்தாலும் வேணாம், பழைய சிப்போட மூடியை மாத்தி விக்கறதும் நடக்குது. முடிஞ்சா அவங்க மெஷின்லயே மாட்டி ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. சிபியூ-இசட் தொறந்தா பேரும் எல்3 32 எம்பியும் தெரியணும், பக்கத்துலயே ஓசிசிடியோ சினிபெஞ்ச்சோ (ப்ராசசரை முழு வேகத்துல ஓட வைக்கற டெஸ்ட்) ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும். அதுக்குக்கூட நேரம் இல்லன்னு சொல்றவங்ககிட்ட வாங்காதீங்க.

சாக்கெட்சித்தன்:
வாங்கி வச்சுட்டு நேரா மாட்டிடாதீங்க தம்பி, முதல்ல பயாஸ். 2018 பயாஸ்ல 5600 மாட்டுனா ஃபேன் சுத்தும், ஸ்க்ரீன் கறுப்பாவே நிக்கும், சிப்பு செத்துப்போச்சுன்னு நினைச்சு வித்தவர்கிட்ட சண்டைக்குப் போவீங்க. பழைய 1600 உள்ள இருக்கும்போதே பயாஸ் ஏத்துங்க.

போர்டு கம்பெனி சைட்ல உங்க போர்டோட பேர், ரிவிஷன் நம்பர் ரெண்டும் பொருந்தற பக்கத்துக்குப் போங்க. ரிவிஷன் நம்பர் போர்டு மேலயே ஓரத்துல அச்சடிச்சிருக்கும். ப்ராசசர் சப்போர்ட் லிஸ்ட்ல 5600ன்னு இருக்கா, எந்தப் பயாஸ்ல இருந்துன்னு பாருங்க. ஒவ்வொரு பயாஸ் கீழயும் சின்ன எழுத்துல ஒரு குறிப்பு இருக்கும், அதை முழுசா படிங்க. சில போர்டுல நேரா கடைசிக்குத் தாவ முடியாது, நடுவுல ஒண்ணு ஏத்திட்டுத்தான் போகணும். சில போர்டுல புது பயாஸ் ஏத்துனா பழைய ப்ராசசருக்கு சப்போர்ட் போயிடும், திரும்பி வரவும் முடியாது. பயாஸ் சிப்புல எடம் கம்மி, அதனால பழசை எடுத்துட்டுப் புதுசை வச்சாங்க. அப்படிப் போர்டா இருந்தா 5600 கைக்கு வந்தப்புறம்தான் ஏத்தணும்.

பென்டிரைவை எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணி ஃபைலைப் போட்டு பயாஸ்க்குள்ள இருந்தே ஏத்துங்க, விண்டோஸ்ல இருந்து ஏத்தற சாஃப்ட்வேர் வேணாம். கரன்ட் போற நேரமா இருந்தா யூபிஎஸ் இல்லாம தொடாதீங்க.

ரேம்ராணி:
மாட்டும்போது ரெண்டு விஷயம், இது ரெண்டும்தான் நான் அதிகமா பாக்கற விபத்து. பழைய கூலரை நேரா மேல இழுக்காதீங்க. பேஸ்ட் காஞ்சு பசையாகி இருக்கும், லீவர் பூட்டி இருந்தாலும் ப்ராசசரும் சேந்து சாக்கெட்ட விட்டுப் புடுங்கிட்டு வரும், கீழ விழுந்தா பின் மொத்தமும் வளைஞ்சிடும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு கேமைக் கால் மணி நேரம் ஓட்டுங்க, பேஸ்ட் இளகும். அப்புறம் ஷட்டவுன் பண்ணி, ப்ளக்கைப் புடுங்கி, ஸ்க்ரூ எல்லாம் எடுத்துட்டு, கூலரை இடமும் வலமுமா மெதுவா திருகுங்க. அது தானா வழுக்கும், அப்பத் தூக்குங்க.

ரெண்டாவது, போர்டுக்குப் பின்னாடி இருக்கற இரும்பு ப்ளேட். கூலரைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ அதுலதான் ஏறியிருக்கும், நாலையும் கழட்டுனதும் அது பின்னாடி பொத்துன்னு விழுந்துடும். கேபினெட்டைப் படுக்கப் போட்டு, ஒரு கையால பின்னாடி பிடிச்சுக்கங்க. ப்ராசசர் மூலைல தங்க முக்கோணம், சாக்கெட்லயும் அதே மூலைல முக்கோணம். ரெண்டும் சேந்தா சிப்பு தானா எறங்கும், விரலால அமுக்கவே கூடாது. அமுக்கணும்னு தோணுச்சுன்னா ஏதோ ஒரு பின் வளைஞ்சிருக்கு.

முதல் தடவை ஆன் பண்ணும்போது எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள்ள ரகசியக் கீ வைக்கற பகுதி) மாறிடுச்சு, ரீசெட் பண்ண ஒய் (Y) அமுக்கவா என் (N) அமுக்கவான்னு இங்கிலீஷ்ல ஒரு ஸ்க்ரீன் வரும். பிட்லாக்கர் (விண்டோஸ் ட்ரைவைப் பூட்டி வைக்கற வசதி) ஆன்ல இருந்தா ப்ராசசர் மாத்தறதுக்கு முன்னாடியே அதை நிறுத்தி வைங்க, ரிக்கவரி கீயை வேற எங்கயாவது எழுதி வைங்க. கீ இல்லாம ஒய் அமுக்கிட்டு ட்ரைவ் தொறக்காம வந்து நிக்கறவங்களுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது, அதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

பழையஐ5:
இழைக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். இதே நிலைமைதான் எனக்கும், ஆனா இன்டெல். ஐ5-8400, பி360 போர்டு, 2666 ரேம் 16 ஜிபி. ஜிபியூ 1660 சூப்பர். எனக்கு இப்படி ஒரே சிப்பு மாத்தற வழி இருக்கா?

புதுசேநல்லது:
நான் முதல்ல சொன்ன கருத்து உங்களுக்குத்தான் சரியாப் பொருந்தும் பழையஐ5. மத்தவங்களும் சொல்லட்டும்.

பிக்சல்பையன்:
வேலை முடிஞ்சுது! செகண்ட் ஹேண்ட் 5600 எடுத்துட்டேன், வித்தவர் அவர் மெஷின்லயே ஓட்டிக் காட்டுனார். என் போர்டுக்கு நடுவுல ஒரு பயாஸ் ஏத்திட்டுத்தான் கடைசிக்குப் போகணும்னு குறிப்பு இருந்துச்சு, சித்தன் அண்ணா சொல்லலன்னா அதை நான் படிச்சிருக்கவே மாட்டேன். கூலர் திருகும்போது கொஞ்ச நேரம் அசையவே இல்ல, அப்புறம் தானா வழுக்கி வந்துடுச்சு. அக்கா சொன்ன அந்த ஒய், என் ஸ்க்ரீன் அப்படியே வந்துச்சு, பிட்லாக்கர் ஆஃப்லதான் இருந்துச்சு, ஒய் அமுக்கிட்டேன்.

ரேம் இப்ப எந்த முரண்டும் இல்லாம 3200ல ஓடுது. ஸ்மோக்ல இழுக்கறது போயே போச்சு. சைபர்பங்க்ல ஊருக்குள்ள ஜிபியூ 95க்கு மேலயே நிக்குது, கோடு பெரும்பாலும் தட்டை. புது ஏரியாவுக்கு வேகமா போகும்போது மட்டும் எப்பவாவது ஒரு குத்து வருது. விண்டோஸ் திரும்பப் போடணுமா?

ஃப்ரேம்டைம்:
சூப்பர் ப்ரோ! ரீஇன்ஸ்டால் தேவையில்ல, ஏஎம்டி சைட்ல இருந்து புது சிப்செட் ட்ரைவர் மட்டும் போடுங்க. அந்த எப்பவாவது வர்ற குத்து கேம் புது ஏரியாவை டிஸ்க்ல இருந்து எடுத்து விரிக்கிற நேரம், எந்த ப்ராசசர் போட்டாலும் கொஞ்சம் இருக்கும். கேம் ஹார்ட் டிஸ்க்ல இருந்தா எஸ்எஸ்டிக்கு மாத்திப் பாருங்க. சைபர்பங்க்ல கூட்ட அடர்த்தின்னு ஒரு செட்டிங் இருக்கு, அது முழுக்க ப்ராசசர் தலைலதான் விழும், அதை ஒரு படி எறக்குனா இன்னும் தட்டையாகும். ரே ட்ரேஸிங்கும் ஜிபியூவை மட்டும் இல்ல, ப்ராசசரையும் சேத்துத்தான் அடிக்கும்.

1600ல விண்டோஸ் 11 அஃபீஷியலா கிடையாது, 5600க்கு உண்டு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதனால நேரம் கிடைக்கும்போது அதையும் ஏத்திடுங்க.

சாக்கெட்சித்தன்:
சந்தோஷம் தம்பி. 1600ஐ பழைய பொட்டியோட எடுத்து வைங்க, இல்ல வித்துடுங்க, ஆபீஸ் வேலைக்கு யாராவது வாங்கிக்குவாங்க. பின் பக்கம் எதுவும் படாம ப்ளாஸ்டிக் டப்பாவுல வச்சுக் குடுங்க.

பழையஐ5, உங்களுக்கு வர்றேன். உங்க போர்டுல 8, 9 தலைமுறை மட்டும்தான் மாட்டும். 6, 7க்கும் அதே 1151 சாக்கெட்டுன்னு பேரு, ஆனா அது வேற, அதைப் பாத்துக் குழம்பாதீங்க. நேரா மாட்டறதுன்னா செகண்ட் ஹேண்ட் ஐ7-8700, ஆறு கோர் 12 த்ரெட். 8400ல ஆறு கோர் ஆறு த்ரெட்தான், புது கேம்ல மூச்சு முட்டறது அதனாலதான், 8700 அதைச் சரி பண்ணும். ஐ9-9900 எட்டு கோர், அது இன்னும் நல்லா ஓடும், ஆனா பி360 போர்டுல பவர் செக்‌ஷன் தாங்குமான்னு உங்க போர்டைப் பாத்துத்தான் சொல்லணும். 9 தலைமுறைன்னா பயாஸும் ஏத்தணும். எதுக்கு மாறுனாலும் அந்த போர்டுல ரேம் 2666க்கு மேல போகாது.

இந்தப் பழைய ஐ7, ஐ9 எல்லாம் செகண்ட் ஹேண்ட்லயும் ஓவரா கேப்பாங்க, ஏன்னா எல்லாரும் அதையே தேடுறாங்க. அந்தக் காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா ஐ5-12400எஃப்பும் டிடிஆர்4 போர்டும் வந்துடும், உங்க ரேமையே மாட்டிக்கலாம், ஒத்தைக் கோர் வேகத்துல 8700 கிட்டக்கூட நிக்க முடியாது. இன்டெல் 1700 சாக்கெட்ல டிடிஆர்4 போர்டும் இருக்கு டிடிஆர்5 போர்டும் இருக்கு, வாங்கும்போது எதுன்னு தெளிவாக் கேட்டு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட்ல 13, 14 தலைமுறையோட பெரிய ஐ7, ஐ9 மலிவா வந்தா மட்டும் யோசிங்க. அதுல வோல்டேஜ் கோளாறால சிப்பு மெல்லத் தேயற பிரச்சனை இருந்துச்சு, 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு மைக்ரோகோட் (ப்ராசசருக்கான திருத்த சாஃப்ட்வேர்) விட்டாங்க, வாரன்டியும் ரெண்டு வருஷம் நீட்டுனாங்க. தேஞ்ச சிப்பை மைக்ரோகோட் திரும்பக் கொண்டு வராது. 12ல அது கிடையாது.

ஆனா எதுவா இருந்தாலும் முதல்ல ஃப்ரேம்டைம் சொன்ன 720பி டெஸ்ட்டைப் பண்ணிட்டு வாங்க. 1660 சூப்பர்ங்கறீங்க, ஜிபியூதான் தடையா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

பழையஐ5:
ரொம்ப நன்றி அண்ணா. டெஸ்ட் பண்ணிட்டு போர்டு மாடலையும் சேத்து தனி இழையா போடறேன்.